இங்கிலாந்தில் பூனை வளர்க்க நினைப்பவர்கள் காப்புறுதி பற்றி முதலில் இதை வாசியுங்கள்

மூன்று மாத லீவில் கல்லடியில் அம்மா வீட்டில் நிற்கிறேன். தங்கச்சியின் மகனும் அவன் மனைவியும் அடுத்த மாதம் லெஸ்டருக்குப் போகிறார்கள். விசா, வாடகை வீடு, குளிர் உடுப்பு எல்லாம் கேட்டு முடித்த பிறகு மருமகள் மெல்லக் கேட்டாள்: "பெரியம்மா, அங்க ஒரு பூனை வளர்க்கலாமா?" அவளுக்குச் சொன்னதைத்தான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து அங்கே புதிதாகப் போய் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

நம் ஊரில் பசு கன்று போட முடியாமல் தவித்தால் அரச கால்நடை வைத்தியரைக் கூப்பிடுவோம். நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுவோம். பூனை சூடைமீன் தலையைத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் திரியும். அதற்கு டொக்டரா என்று சிரிப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தோடுதான் 2014 இல் லண்டனுக்குப் போனேன். அங்கே மனிதருக்கு என்எச்எஸ் என்ற அரச வைத்திய சேவை இருக்கிறது, மிருகங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முழுச் செலவும் நம் கையிலிருந்துதான். பில்லில் 20 சதவீத வற் வரியும் சேரும்.

சட்டப்படி செய்யவேண்டியவை கொஞ்சம்தான். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இங்கிலாந்தில் நாய்க்கு 2016 இலிருந்தும் பூனைக்கு 2024 ஜூன் 10 இலிருந்தும் மைக்ரோசிப் கட்டாயம், அதாவது தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சிப். பூனைக்கு 20 வாரம் ஆகுமுன் போடவேண்டும், தவறினால் 500 பவுண் வரை தண்டம் வரலாம். தடுப்பூசியும் கருத்தடையும் பொதுவாகக் காப்புறுதியில் வராது, அதற்குத் தனியாகக் காசு வையுங்கள்.

மிருக வைத்தியச் செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்று அரசாங்கத்தின் போட்டி, சந்தைகள் ஆணையமே விசாரித்தது. 2016 க்கும் 2023 க்கும் இடையில் கட்டணம் சராசரியாக 63 சதவீதம் கூடியிருக்கிறதாம். 2013 இல் பத்தில் ஒரு கிளினிக்தான் பெரிய கம்பனிகளின் கையில் இருந்தது. இப்போது பத்தில் ஆறு. வாசலில் பழைய பெயர்ப்பலகையே தொங்குவதால் யாருடைய கிளினிக் என்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. பதியும் முன் கேளுங்கள், இரண்டு மூன்று இடத்தில் விலையும் விசாரியுங்கள். நீண்டநாள் மருந்தென்றால் மருந்துச்சீட்டை எழுதி வாங்கி ஒன்லைனில் எடுக்கலாம். சீட்டுக்கும் காசு எடுப்பார்கள், ஆனாலும் பல மருந்துகளுக்கு இலாபம்தான்.

இனி நான் அடிபட்ட இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடுவன் பூனைக்கு முத்து என்று பெயர். மகள்தான் வைத்தாள். குட்டியிலிருந்தே காப்புறுதி எடுத்திருந்தோம், ஆயுள் முழுவதற்குமான நல்ல வகை. நாலு வயதில் ஒருநாள் அதன் சிறுநீரில் இரத்தம் கண்டது. டொக்டர் ஊசி போட்டார், ஈர உணவு கொடுக்கச் சொன்னார், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பில் 140 பவுண். முதல் 100 பவுணை நாமே கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம், எக்சஸ் என்பார்கள். மிச்சம் நாற்பதுக்கு யார் கடிதம் எழுதி மினக்கெடுவது என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் மாதக் கட்டணத்தை 19 இலிருந்து 28 பவுணாக ஏற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒன்லைனில் தேடி 17 பவுணுக்கு இன்னொரு நிறுவனத்துக்கு மாறினேன். பூனைக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தது. இல்லை என்று போட்டேன். முத்து அப்போது சுகமாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் போனது. ஒரு ஞாயிறு இரவு முத்து தான் சிறுநீர் கழிக்கும் மண்தட்டில் ஏறிக் குந்தியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மண்ணைக் கிளறிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை. வயிற்றைத் தொட்டதும் கத்தியது. கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், காலையில் பார்க்கலாம் என்று ஒருபோதும் படுக்காதீர்கள். இரவுக் கிளினிக்கில் முதலில் காசு கட்டச் சொன்னார்கள், பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். குழாய் போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். 2,870 பவுண்.

புது நிறுவனம் ஒரு சதம் தரவில்லை. அவர்கள் கிளினிக்கிலிருந்து பழைய குறிப்புகள் முழுவதையும் வாங்கிப் பார்த்தார்கள். "சிறுநீரில் இரத்தம்" என்று ஒரு வரி இருந்தது. காப்புறுதி தொடங்கு முன்பே இருந்த நோய் என்று கைவிரித்துவிட்டார்கள். நான் காசு கேட்காததால் அந்த நோய் இல்லாமல் போய்விடவில்லை. மகளின் படிப்புக்கென்று சீட்டில் எடுத்து வைத்திருந்த காசுதான் போனது. பழைய இடத்திலேயே இருந்திருந்தால் பெரும்பகுதியைக் கட்டியிருப்பார்கள். மாதம் பதினொரு பவுணைப் பார்த்து மாறிய எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் காப்புறுதி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மூவாயிரம் பவுணை ஒரே இரவில் எடுத்து வைக்க முடியாதவர்கள் கட்டாயம் எடுங்கள், குட்டியாக இருக்கும்போதே எடுங்கள். காப்புறுதி தொடங்கி முதல் 14 நாளுக்குள் வரும் நோய்க்குப் பெரும்பாலும் காசு தரமாட்டார்கள். மலிவான வகைகளில் ஒரு நோய்க்கு 12 மாதம்தான் தருவார்கள், அல்லது ஒரு தொகை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். நீரிழிவு, தோல் வருத்தம் போன்றவை 12 மாதத்தில் விட்டுப் போகுமா? ஆயுள் வகையில் அவர்கள் தரும் உச்சத் தொகை வருடாவருடம் புதிதாகும், இடைவிடாமல் புதுப்பித்தால். கட்டணம் ஏறத்தான் செய்யும். வயதுபோன பூனையின் பில்லில் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்லவும் கூடும். நோய் ஏதாவது குறிப்பில் ஏறியபிறகு மாறாதீர்கள். மாறத்தான் வேண்டுமென்றால், கிளினிக்கில் குறிப்பின் பிரதியை வாங்கிப் புது நிறுவனத்துக்கு அனுப்பி, எதையெல்லாம் விலக்குவார்கள் என்று எழுத்தில் எடுத்தபிறகு பழையதை நிறுத்துங்கள்.

காசில்லாதவர்களுக்குப் பிடிஎஸ்ஏ என்ற தர்ம அமைப்பு 1917 இலிருந்து வைத்தியம் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அரச உதவிப்பணம் எடுப்பவர்களுக்கு. மாணவர், வேலை விசாவில் வரும் நமக்கு அந்த உதவிப்பணம் கிடையாது என்பதால் அதை நம்பிப் பூனை வாங்காதீர்கள்.

முத்துவுக்கு இப்போது எட்டு வயது. நான் இங்கே நிற்கும் ஒவ்வொரு இரவும் மகள் வீடியோவில் மண்தட்டைக் காட்டுகிறாள். ஈரத்தைக் கண்டபிறகுதான் படுக்கிறேன்.