நம்ம கடற்கரை ஊர்ல புரட்சி எப்ப நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ஸ்கூல் புக்குல புரட்சின்னா நாலு வருஷத்த மனப்பாடம் பண்ணுவோம். 1769 ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்கு காப்புரிமை வாங்குனாரு, 1789 பிரெஞ்சுப் புரட்சி, பரீட்சை எழுதுனதோட மறந்தாச்சு. எங்கயோ வெள்ளக்காரன் ஊர்ல நடந்த கதைன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் பாம்பன் பக்கம் எங்க ஊர் கதைய எழுதலாம்னு உக்காந்தப்பதான் தெரிஞ்சுச்சு, அதே மாதிரி ஒன்னு எங்க தெருவுலயே நடந்து முடிஞ்சிருக்கு, கொடி இல்ல கோஷம் இல்ல, அதனால யாரும் அதுக்குப் பேர் வைக்கல. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி, எந்த ஊரா இருந்தாலும் உங்க ஊருக்கும் இத தேடிப்பாக்கலாம். நான் எப்படி தேடுனேன்னு சொல்றேன்.

முதல்ல பெரிய தேதிய ஓரமா வச்சுட்டு, ஊர்ல என்னைக்கு லீவுன்னு கேளுங்க. கேலியா தெரியும், ஆனா இதுலதான் விஷயமே இருக்கு. பிரெஞ்சுப் புரட்சிக்காரங்க ராஜாவ தூக்குனதோட விடல, 1793ல காலண்டரையே மாத்துனாங்க, ஏழு நாள் வாரத்த எடுத்துட்டு பத்து நாளுக்கு ஒரு வாரம்னு வச்சாங்க. ஞாயிற்றுக்கிழமை போச்சு, பத்து நாளைக்கு ஒருக்கதான் ஓய்வு. ராஜா இல்லாம இருந்துட்ட ஜனத்துக்கு ஞாயித்துக்கிழமை இல்லாம இருக்க முடியல, 1806 பொறந்தப்ப அந்தக் காலண்டரையே தூக்கிப் போட்டாச்சு. ஆனா அவங்க கொண்டுவந்த மீட்டரும் கிலோவும் இன்னைக்கு நம்ம மீன் ஏலக்கூடத்துல இருக்கு. எது நின்னுச்சு எது நிக்கலன்னு பாத்தாலே ஒரு சமூகம் எந்த எடத்துல வளையும் எந்த எடத்துல வளையாதுன்னு பிடிபடும்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. எங்க தாத்தா காலத்துல பாய்மரம், காத்து சொல்றதுதான் கேலண்டர், அதுக்கு மேல ஞாயித்துக்கிழமை பூசைக்கு கடலுக்குப் போகமாட்டாங்க. இப்ப? ராமேஸ்வரத்துல விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு பிரிச்சு வச்சிருக்காங்க, விசைப்படகு போகணும்னா மீன்துறைல டோக்கன் வாங்கணும். அதுக்கு மேல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், முன்னாடி அது 45 நாளா இருந்துச்சு. கல்யாணம் காச்சி, வீட்டுக்கு சிமெண்டு பூசுறது, படகு பழுது பாக்குறது எல்லாம் அந்த ரெண்டு மாசத்துக்கு நகந்துருச்சு. எந்தக் கட்சியும் வந்து கல்யாணத்த மே மாசத்துல வைன்னு சொல்லல.

அடுத்து ஒரே ஒரு பொருள பிடிச்சுக்குங்க. ஊர் வரலாறு மொத்தத்தையும் எழுதப் போனீங்கன்னா பத்தாவது பக்கத்துல நின்னுரும், அனுபவத்துல சொல்றேன். நான் வலைய பிடிச்சேன். பருத்தி நூல் வலை இருந்த காலத்துல அத வீட்ல பொம்பளைங்க ஊசி வச்சு பின்னுவாங்க, மரப்பட்டைய அவிச்சு அந்தச் சாயத்துல முக்கி எடுத்து காய வைக்கணும், இல்லன்னா உப்புத்தண்ணில மக்கிரும். முத்தம் பூரா செவப்பா ஒரு வாடையோட கிடக்குமாம், அப்பத்தா சொல்லும்போதே மூக்க சுளிப்பாங்க. நைலான் வந்ததும் வலை மக்கல, சாயம் வேண்டாம், மெஷின்ல பின்னுன வலை கடைல கிடைக்குது. நல்லதுதான? நல்லதுதான், ஆனா அதோட வீட்டுக்குள்ள உக்காந்து பாத்த ஒரு வேலை போயிருச்சு, அந்த வேலை கையில இருந்த வரைக்கும் அவங்களுக்கு இருந்த ஒரு சொல்லும் போயிருச்சு. இங்கிலாந்துல நூற்கிற மெஷின் வந்தப்பவும் மொதல்ல அடி வாங்குனது வீட்ல ராட்டை சுத்துன பொம்பளைங்கதான். தொழிற்புரட்சின்னா மில்லு படத்த போடுவாங்க, காலியான திண்ணைய யாரும் படம் போடமாட்டாங்க. நீங்க உப்பு, சங்கு, பாசி, கருவாடு, பனைன்னு எத வேணாலும் எடுத்துக்கலாம், ஆனா கேக்குற கேள்வி ஒன்னுதான், முன்னாடி இத யாரு செஞ்சா, இப்ப யாரு செய்றா, காசு யாரு கைக்குப் போகுது. பங்கு பிரிக்கிறத கண்டிப்பா கேளுங்க. டீசலும் ஐஸும் கழிச்சு மிச்சத்துலதான் பங்குன்னு ஆன அன்னைக்கே ஆளுக்கும் படகுக்காரருக்கும் நடுவுல இருந்த ஒறவு வேற ஆயிருச்சு.

சண்டை எங்க நடந்துச்சுன்னு தேடுறது மூணாவது. 1811ல இங்கிலாந்துல நாட்டிங்காம் பக்கம் சாக்ஸ் பின்னுறவங்க ராத்திரியில போய் பின்னல் சட்டத்த எல்லாம் அடிச்சு ஒடைச்சாங்க, லுட்டைட்டுன்னு பேரு, அடுத்த வருஷமே பின்னல் சட்டத்த ஒடைச்சா தூக்குன்னு அரசாங்கம் சட்டம் போட்டுச்சு. அவங்கள மெஷினுக்கு பயந்த முட்டாளுங்கன்னு இன்னைக்கும் பேசுறாங்க, ஆனா அவங்கள்ல பலபேரு தெனமும் அதே பின்னல் சட்டத்துலதான் வேலை பாத்தவங்க. கூலிய கொறைக்கிறதும் மட்டமான துணிய தள்ளுறதும்தான் அவங்க கோவம். நம்ம தமிழ்நாட்டுக் கரையிலயும் விசைப்படகு இழுத்துட்டுப் போற இழுவைமடி வலை வந்தப்ப நாட்டுப்படகுக்காரங்களுக்கும் விசைப்படகுக்காரங்களுக்கும் அடிதடி ஆகி, கடைசில 1983ல கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. நாட்டுப்படகுலயும்தான் எஞ்சின் மாட்டிருக்கோம், எஞ்சின் மேல யாருக்கு என்ன கோவம். கரை ஓரத்துல நாங்க போட்ட வலைய மடி வந்து அறுத்துட்டுப் போச்சுன்னா கோவம் வராதா. இதக் கேக்கும்போது ரெண்டு பக்கமும் கேளுங்க, நம்ம சொந்தக்காரன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே எழுதிட்டு வந்துராதீங்க.

செத்துப்போன வார்த்தைகள ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. வாடை, கச்சான், கொண்டல், சோழகம், நீவாடுன்னு காத்துக்கும் நீரோட்டத்துக்கும் இருந்த பேரு, இதெல்லாம் எங்க அப்பாவுக்கு தெரியும், எனக்கு பாதி தெரியும், என் தம்பிக்கு ஜிபிஎஸ் தெரியும். மறுபக்கம் 1957ல அணா போயி நயா பைசா வந்துச்சு, 25 பைசா காசையே 2011ல நிறுத்திட்டாங்க, ஆனா எட்டணாவுக்கு பிரயோஜனமில்லன்னு திட்டுறது மட்டும் நிக்கவே இல்ல.

அரசியல் மாற்றத்த மட்டும் பேப்பர்ல தேடணும், வாய்மொழில கலங்கிப் போயிருக்கும். 1914ல பாம்பன் ரயில் பாலம் தொறந்ததுல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார், மெட்ராஸ்ல ஏறுனா கொழும்பு போயிரலாம். எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் 1964 டிசம்பர் புயல்ல எல்லாம் போச்சும்பாங்க. தனுஷ்கோடி போனது நெசம், ஆனா அதுக்கப்புறமும் ராமேஸ்வரத்துல இருந்து கப்பல் ஓடுச்சு, அது நின்னது 1980கள்ல இலங்கைல சண்டை பெருசானப்ப. அதே 1964 அக்டோபர்லதான் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு கையெழுத்தாச்சு, அப்படி வந்தவங்க மண்டபம் வழியா எறங்கி எங்கெங்கயோ போனாங்க. 1974ல கச்சத்தீவு இலங்கைக்குப் போச்சு. புயல் மேல பழி போட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, அதனாலயே ஊர்ல பாதி விஷயம் புயல் கணக்குல எழுதிருக்கும். புயலையும் அரசியலையும் தனித்தனியா பிரிச்சு எழுதுங்க.

எழுதி முடிச்சதும் சும்மா வச்சிராம பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் அப்பத்தாவுக்கு வாசிச்சேன். “பிறகு எங்கள் ஊருக்கு நைலான் வலை வந்தது” அப்படின்னு ஒரு வரி, ரொம்ப அழகா எழுதிட்டதா எனக்கு நெனப்பு. அப்பத்தா வெத்தலைய நிறுத்திட்டு, “என்னது, வந்துச்சா? அது என்ன நடந்தா வந்துச்சு? உங்க தாத்தா என் கொடிய கொண்டுபோய் அடகு வச்சுல்லடா வாங்குனாரு” அப்படின்னாங்க. அந்த வரிய அடிச்சுட்டு, வட்டி எவ்வளவு, யாருகிட்ட வச்சாங்க, கழுத்துல மஞ்சக்கயித்தோட எத்தன வருஷம் இருந்தாங்கன்னு மறுபடி மொதல்ல இருந்து கேட்டேன். கொடிய எப்ப மீட்டீங்கன்னதுக்கு வருஷம் சொல்லத் தெரியல. “எறால் வெல ஏறுச்சுல்ல, அந்த வருஷம்”னாங்க.