இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது?

"தைரியமா இரு" என்று சொல்கிறவர்கள் யாரும் அதை எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. அப்பா ஐசியூவில் இருந்த 11 நாட்களில் குறைந்தது முப்பது பேராவது என்னிடம் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருப்பார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு நண்பன் மட்டும் போன் செய்து "கடைசியா எப்போ சாப்பிட்ட?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தால் முந்தின நாள் மத்தியானம். அந்த இரண்டு விதமான பேச்சுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை வந்த பிறகு எழுந்து நடக்கலாம் என்று காத்திருந்தால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். எனக்கு நடந்தது தலைகீழ் வரிசையில்: ஏதோ ஒரு சின்ன வேலையைச் செய்து முடித்தேன், அப்புறம் கொஞ்சம் மூச்சு வந்தது, அதற்கும் பிறகுதான் நம்பிக்கை என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. சொந்த வீட்டில் விழும் அடிக்கும், தொற்றுநோய், வெள்ளம், போர் என்று ஊரே சேர்ந்து வாங்கும் அடிக்கும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. 2020இல் நிறையப் பேருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

வயிறும் தூக்கமும் முதலில்

துக்கத்தில் இருப்பவரிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் பசியும் தூக்கமின்மையும் உள்ள உடம்பில் உட்கார்ந்துகொண்டு எந்த ஆறுதலையும் உள்வாங்க முடியாது. 2007இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 35 மணி நேரம் தூங்காமல் இருந்த இளைஞர்களிடம் மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஆபத்தைக் கண்டு மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கி எழுந்தவர்களைவிட அவர்களுக்குச் சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. ராத்திரி மூன்று மணிக்குத் தோன்றும் "எல்லாம் முடிந்தது" என்ற தீர்ப்பில் பாதி அதன் கூச்சல்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன், இருட்டிய பிறகு பெரிய முடிவு எதுவும் எடுப்பதில்லை. வேலையை விடுவது, வீட்டை விற்பது, யாரிடமாவது உறவை முறித்துக்கொள்வது, கோபமாக நீள மெசேஜ் அனுப்புவது எல்லாவற்றையும் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நெஞ்சு படபடக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி விடலாம். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும், அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம்.

நாளைக்கு அப்புறம் வேண்டாம், இன்றைக்குச் சாயங்காலம் வரை

அடி விழுந்தவுடன் மனம் செய்யும் முதல் வேலை, அடுத்த பத்து வருடத்தையும் ஒரே மூச்சில் கணக்குப் போடுவது. கடன் எப்படி அடையும், பிள்ளை படிப்பு என்ன ஆகும், தனியாக எப்படி இருக்கப்போகிறேன். ஒரு கேள்விக்கும் இன்றைக்கே பதில் கிடையாது, ஆனால் எல்லாக் கேள்விகளும் இன்றைக்கே தலைமேல் உட்கார்ந்துகொள்கின்றன. எனவே தூரத்தைக் குறையுங்கள். ஐசியூ வாசலில் எனக்கு உலகம் என்பது காலை டாக்டர் ரவுண்டுக்கும் மாலை ரவுண்டுக்கும் நடுவில் இருந்த ஏழு மணி நேரம்தான். அந்த ஏழு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலையை ஒரு துண்டுத் தாளில் எழுதுவேன்: இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி எடுப்பது, அம்மாவைக் குளிக்க அனுப்புவது, போர்வை துவைப்பது. முடிந்ததும் அடித்துவிடுவேன். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அந்தக் கோடு கிழிக்கும் நொடியில் மட்டும் நான் ஏதோ ஒன்றுக்காவது பொறுப்பில் இருந்தேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கிறது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள் (இன்றைக்கு அனுமதிப்பார்களா தெரியாது). தங்களால் நிறுத்தவே முடியாத மின்அதிர்ச்சியை வாங்கிப் பழகிய நாய்களில் பல, பிறகு எளிதாகத் தப்பிக்க வழி இருந்தபோதும் அப்படியே படுத்துக்கிடந்தன. "என்ன செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன" என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள், கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம் என்ற கருத்து அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து, 2016இல், அதே இரண்டு பேர் நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டு படுப்பது கற்றுக்கொண்ட ஒன்று இல்லையாம், மூளையின் இயல்பே அதுதானாம். கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்று: என் செயலுக்கு விளைவு உண்டு என்பது. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொள்ளும்போதுதான் அந்தச் சுருண்டு படுக்கும் இயல்பு அடங்குகிறது.

விலங்குகளில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஒட்டக் கூடாது, சரி. ஆனால் இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த நாட்களுக்காக என்னை நானே திட்டிக்கொண்டது அநியாயம் என்று தோன்றியது. அந்தத் துண்டுத் தாளுக்கும் அர்த்தம் பிடிபட்டது. வேலை எவ்வளவு பெரியது என்பதில் ஒன்றும் இல்லை, தொடங்கியதை முடிக்கக்கூடிய அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும், முடிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். "வீட்டைச் சுத்தம் செய்வது" என்று எழுதாதீர்கள். "மேசையில் இருக்கும் டம்ளர்களைக் கழுவுவது" என்று எழுதுங்கள்.

நம்பிக்கையில் எந்தப் பாகம் உடைந்திருக்கிறது?

இந்த முதல் ஓரிரு வாரம் தாண்டிய பிறகு, சார்லஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1990களில் முன்வைத்த ஒரு பிரிப்பு ரொம்ப உதவும். நம்பிக்கைக்கு மூன்று பாகம் என்றார் அவர்: போய்ச் சேர வேண்டிய ஒரு இடம், அங்கே போக வழி, அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற தெம்பு. "எனக்கு நம்பிக்கையே போச்சு" என்று சொல்லும்போது பெரும்பாலும் மூன்றும் போயிருக்காது, ஏதோ ஒன்றுதான் உடைந்திருக்கும். எது என்று பாருங்கள்.

வழிதான் அடைந்திருக்கிறது என்றால், இன்னும் இரண்டு வழிகளை எழுதுங்கள், மோசமான வழிகளாக இருந்தாலும் பரவாயில்லை. வேலை போன ஒருவருக்கு அதே துறையில் அதே சம்பளம் என்பது ஒரு வழி, குறைந்த சம்பளத்தில் ஆறு மாதம் என்பது இன்னொன்று, தெரிந்தவரிடம் தற்காலிகமாக என்பது மூன்றாவது. மூன்றும் பிடிக்காது, ஆனால் ஒரே கதவு மூடிய அறைக்கும் மூன்று அசிங்கமான கதவுகள் உள்ள அறைக்கும் மூச்சு விடுவதில் வித்தியாசம் இருக்கிறது. தெம்புதான் இல்லை என்றால் திரும்பவும் அந்தத் துண்டுத் தாள், தூக்கம், சாப்பாடு.

போய்ச் சேர வேண்டிய இடமே இல்லாமல் போய்விட்டால்? அதுதான் கடினம். இறந்தவர் திரும்பி வரப்போவதில்லை, சில நோய்கள் குணமாகப்போவதில்லை. அங்கே வழி தேடிக்கொண்டே இருப்பது மனிதரைத் தின்றுவிடும். கொஞ்ச நாளைக்கு எந்த இலக்கும் இல்லாமல் இருக்கலாம், அது தோல்வி ஆகாது. அப்புறம் மெதுவாக இடத்தை மாற்றலாம், "அப்பா பிழைக்க வேண்டும்" என்பது ஒரு கட்டத்தில் எனக்கு "அப்பா வலியில்லாமல் இருக்க வேண்டும்" என்று மாறியது, அதற்கு அப்புறம் "அம்மா தனியாகிவிடக் கூடாது" என்று மாறியது. இலக்கு சுருங்கச் சுருங்க நான் அப்பாவைக் கைவிட்டுவிட்டேனோ என்று குற்ற உணர்ச்சி வந்தது உண்மை. இப்போது அப்படி நினைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேதி வைக்காதீர்கள். "இந்த மாதக் கடைசிக்குள் எல்லாம் சரியாகிவிடும்" என்று பிடித்துக்கொண்டு, அந்தத் தேதி கடந்துபோகும்போது விழும் இரண்டாவது அடி முதல் அடியைவிட வலிக்கும்.

செய்தியை அளந்து குடியுங்கள்

ஊரே நெருக்கடியில் இருக்கும்போது செய்தி பார்ப்பது ஒரு கடமை மாதிரி ஆகிவிடுகிறது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஒரு ஆய்வில், அடுத்து வந்த வாரத்தில் தினம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றமானவர்கள்தான் அதிகம் பார்த்தார்களா என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. ஆனாலும் நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை, இருபது நிமிடம், வீடியோ இல்லாமல் எழுத்து வடிவில் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். கூடவே ஒரு கேள்வி: இதைத் தெரிந்துகொண்டதால் நான் இன்று எதையாவது மாற்றிச் செய்யப்போகிறேனா? இல்லை என்றால் மூடி வைத்துவிடுவேன். வாட்ஸ்அப் குழுக்களை மியூட் செய்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அழுவதும் சிரிப்பதும் ஒரே நாளில்

சாவு வீட்டில் யாரோ எதற்கோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பொத்த வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது, துக்கம் ஊசல் மாதிரி ஆடுமாம், கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம், கொஞ்ச நேரம் பில் கட்டுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மாதிரி வாழ்க்கையின் பக்கம். இரண்டும் தேவை. எந்நேரமும் அழுதுகொண்டே இருப்பதும், அழவே நேரம் கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருப்பதும்தான் சிக்கல். அழுகை வராதவர்களை "உள்ளே அடக்கி வெச்சிருக்கா" என்று குடைவதையும் நிறுத்தலாம். சிலருக்கு வராது, அவ்வளவுதான்.

அதே மாதிரி, நடந்ததை உடனே கொட்டித் தீர்த்துவிடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். பேரிடருக்குப் பின் எல்லோரையும் கட்டாயமாக உட்காரவைத்துப் பேசவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று பிறகு தெரியவந்தது. பேச நினைப்பவருக்குக் காது கொடுங்கள், மற்றவர்களின் பக்கத்தில் சும்மா உட்காருங்கள்.

சில வாரம் ஆன பிறகு எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் மாணவர்களை வைத்துச் செய்த முறை எளிமையானது: நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை அழுத்துவதை இலக்கணம் பார்க்காமல் எழுதுவது. எழுதிய உடனே மனம் இன்னும் கனக்கும், அதை எதிர்பார்த்தே உட்காருங்கள். அப்படி எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எனக்கு மூன்றாம் நாள்தான் அழுகைக்கு நடுவில் ஒரு முழு வாக்கியம் வந்தது.

ஒரு ஆள் போதும்

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளைச் சேர்த்துச் சுமந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, தங்கள்மேல் உண்மையான அக்கறை உள்ள ஒரு பெரியவராவது இருந்தது, அது பாட்டியாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம். நூறு பேர் வேண்டியதில்லை.

அந்த ஒருவரிடம் உதவி கேட்பதற்குத்தான் நமக்கு நாக்கு எழாது. குறிப்பாகக் கேட்டால் சுலபம். "எனக்கு ஏதாவது உதவி பண்ணு" என்றால் அவருக்கும் புரியாது. "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அம்மாவோட ரெண்டு மணி நேரம் இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். உதவி செய்கிற இடத்தில் நீங்கள் இருந்தால் "எது வேணும்னாலும் கேளு" என்று சொல்வதை விட்டுவிட்டு, நீங்களே ஒன்றைத் தேர்ந்து "நாளைக்கு சாப்பாடு நான் கொண்டு வரேன்" என்று சொல்லுங்கள். மூன்றாவது மாதத்துக்கு உங்கள் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கூட்டம் கலைந்து வீடு காலியாக இருக்கும்.

பொதுப் பேரிடரிலும் இதேதான். மக்கள் பீதியில் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள் என்று சினிமா காட்டும். 1963 முதல் பேரிடர்களை ஆராய்ந்துவரும் டெலவேர் பல்கலைக்கழகப் பேரிடர் ஆய்வு மையம் உட்படப் பலர் கண்டது வேறு, முதலில் தூக்கிவிடுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த வேலையில் ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்ட் எழுதுவது, போனை சார்ஜ் போட்டுக் கொடுப்பது, எதுவானாலும் சரி.

இவை போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூங்க முடியவில்லை, எதிலும் ஒட்டவில்லை, அன்றாட வேலை ஓடவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், உங்கள் நாட்டின் உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். வேறொருவரைப் பற்றிச் சந்தேகமாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கடைசியாக, இப்போது நீங்கள் ஓரளவு நன்றாக இருக்கும் நாள் என்றால், ஒரு தாளை எடுத்துப் போன முறை உங்களுக்கு உதவிய மூன்று விஷயங்களையும், ராத்திரி எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய இரண்டு பேரின் எண்களையும், உதவி எண்ணையும் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். என்னுடையதில் முதல் வரி "சாப்பிட்டியா?" என்பது. இரண்டாவது, அதைக் கேட்டவனின் நம்பர்.