வலிமை வேறு, செறிவு வேறு: அமிலப் பாடத்தில் மதிப்பெண் கரையும் இடங்கள்

பினாங்கில், மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வேதியியலுக்கு மாணவர்களைத் தயார்செய்கிறேன். அமிலம், காரம் என்று தொடங்கினாலே ஒரு குழப்பம் தலைகாட்டிவிடும்: வலிமையையும் செறிவையும் ஒன்றென நினைப்பது. பாதித் தவறுகளுக்கு வேர் இதுதான்.

நீரில் கரைந்த அமில மூலக்கூறுகளில் எவ்வளவு பங்கு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாக, பிரிகிறது என்பதே வலிமை. ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது செறிவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எவ்வளவு நீரைச் சேர்த்தாலும் அது வலுவான அமிலமே, செறிவுதான் குறைந்திருக்கும். காடியில் உள்ள அசிட்டிக் அமிலமோ 0.1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) கரைசலில் நூற்றுக்கு ஒன்றிற்குச் சற்று மேல்தான் பிரிகிறது. அதனால் அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1. அசிட்டிக் அமிலத்தின் பிஎச் ஏறத்தாழ 2.9.

இந்த இடத்தில் இன்னொரு சறுக்கல். பிஎச் 3 என்றால் பிஎச் 1-ஐவிட மூன்று மடங்கு குறைந்த அமிலத்தன்மை என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறுகிறது. ஆகவே வித்தியாசம் நூறு மடங்கு.

இனி, கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான பியூரெட்டுக்கு வருவோம். 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 கன சென்டிமீட்டர் இருக்கிறது. அதை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு வேண்டும்? "வலுக்குறைந்த அமிலம்தானே ஐயா, கொஞ்சம் போதும்" என்பார்கள். போதாது, முழு 25 கன சென்டிமீட்டரும் வேண்டும். கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளை ஹைட்ராக்சைடு பிடித்துக்கொண்டதும், பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரியத் தொடங்குகின்றன. கடைசி மூலக்கூறு வரை இது தொடர்கிறது. அதே செறிவுள்ள சல்பூரிக் அமிலமானால் 50 தேவைப்படும். அதற்குக் காரணம் வலிமையன்று. ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது.

வலுக்குறைந்தது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணுவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. நீர் கலவாத அசிட்டிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். ஆனால் அதே அமிலம் உலர்ந்த நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குவதில்லை. அமிலத் தன்மையைக் காட்ட நீர் வேண்டும்.

நிறத்தை வைத்து வலிமையைச் சொல்வதும் பிழை. நம்மூர் நோன்யா (சீன-மலாய்க் கலப்புச் சமையல்) பலகாரங்களுக்கு நீல நிறம் தரும் சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நெருங்கும். எலுமிச்சையில் இருப்பது வலுக்குறைந்த சிட்ரிக் அமிலம்தான். நிறம் சொல்வது கரைசலின் பிஎச்சை மட்டுமே.

வாய்பாட்டைப் பார்த்து முடிவுகட்டவும் கூடாது. அசிட்டிக் அமில மூலக்கூறில் நான்கு ஹைட்ரஜன்கள் உள்ளன. ஆக்சிஜனோடு இணைந்த ஒன்று மட்டுமே அயனியாகிறது. எத்தனாலில் ஹைட்ராக்சில் (OH) தொகுதி இருந்தும் அது அல்கலி (நீரில் கரையும் காரம்) அன்று. அம்மோனியாவில் அந்தத் தொகுதியே இல்லை, ஆனாலும் அது காரம். 1923-இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே முன்வைத்த விளக்கம் இங்குக் கைகொடுக்கிறது: அம்மோனியா நீரிடமிருந்து ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, வாங்கிக்கொள்கிறது, எஞ்சுவது ஹைட்ராக்சைடு அயனி.