கோடை நெடும்பயணம்: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி, போன் சார்ஜர் பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. மறந்தால் வழியில் வாங்கிக்கொள்ளலாம். காரில் முதல்முறையாக ஆயிரம் கிலோமீட்டர் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அச்சுப் பிசகாமல் செய்கிற தவறுகள் வேறு. அவற்றில் ஒன்று டயரைத் தின்னும். சில நேரம் ஆளையும்.

சூடான டயரில் காற்றைக் குறைப்பது

"வெயில் காலங்க, காத்து விரியும், ரெண்டு பாயிண்ட் கம்மியாவே வைங்க." இந்த அறிவுரையை எங்கே போனாலும் யாராவது ஒருவர் சொல்வார். காற்று விரியும் என்பது சரி. அதனால் குறைக்க வேண்டும் என்பது சுத்தத் தப்பு. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பது கார் செய்தவர்களுக்கும் தெரியும். அதையும் கணக்கில் வைத்துத்தான் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் காற்றழுத்த ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். அதில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கு உரியது. குளிர்ந்த டயர் என்றால், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும்.

நடப்பது இப்படி. முழுச் சுமைக்கு ஸ்டிக்கர் சொல்வது 36 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு, பேச்சில் 'பாயிண்ட்') என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒருவர் சரியாக 36 வைத்துக் கிளம்புகிறார். நண்பகலில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் அளந்தால் 41 காட்டுகிறது. பயந்துபோய் ஐந்து பாயிண்ட் இறக்குகிறார். மறுநாள் காலை டயர் ஆறிய நிலையில் உண்மையில் இருப்பது 31தான். ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டிகள், 31 பிஎஸ்ஐ. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடங்கல்தான் சூட்டைக் கிளப்புகிறது. சூடு ஏற ஏற, காற்றழுத்தம் அளக்கும் கேஜில் எண்ணும் ஏறும். பார்த்தவர் மறுபடியும் காற்றை இறக்குவார். உள்ளே எஃகுக் கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் நடுவே பிடிப்பு விட்டுக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் மேல்பட்டை உரிந்து பறக்கும்போதுதான் தெரியும். பழியோ வெயில் மேல்!

ஆகவே, அதிகாலையில், கிளம்பும் முன், சொந்த கேஜை வைத்து அளங்கள். பொது இடத்து கேஜ்கள் இரண்டு மூன்று பாயிண்ட் தப்பாகக் காட்டுவது சாதாரணம். ஒரு பக்கம் வெயில் பட்டு நின்ற வண்டியில் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும். நிழலில் அளப்பதே சரி. 12 வோல்ட் சிறு கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருந்தால் யாரையும் நம்ப வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதை அடிக்காதீர்கள்.

வழியில் அளந்தே ஆக வேண்டுமா? சூடான டயர் ஸ்டிக்கர் எண்ணைவிட நான்கைந்து கூடுதலாகக் காட்டினால் கைவைக்காதீர்கள். ஸ்டிக்கர் எண்ணையே தொடவில்லை என்றால் கட்டாயம் காற்று போதவில்லை. நிரப்புங்கள், மறுநாள் காலை சரிபாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி மாறினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ மாறும். சமவெளியில் வைத்த காற்று 15 டிகிரி குளிர்ந்த மலையூரில் விடியும்போது மூன்று பாயிண்ட் குறைந்திருக்கும்.

வயதும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்) எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஆறு வயது கடந்த டயரை ஒரு நிபுணரிடம் காட்டாமல் கோடை நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

மேப் சொன்ன நேரத்தை அப்படியே நம்புவது

மேப் பத்து மணி நேரம் என்றால் அது ஓடும் நேரம் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட நிறுத்தம், ஒரு சாப்பாடு, ஒரு எரிபொருள் நிரப்பல் சேர்த்தால் பன்னிரண்டைத் தொடும். வேலை முடித்து இரவே கிளம்பும் திட்டம் இன்னும் மோசம்: விடியற்காலை 2 முதல் 5 வரை உடல் தூக்கத்துக்கு இழுக்கும், காபி அதை ஒத்திப்போடுமே தவிர நிறுத்தாது. மதியம் 2 முதல் 4 வரையும் இதே கதை, கொஞ்சம் லேசாக.

கிளம்பும் முந்தின நாள் சர்வீஸ்

வேண்டாம். இரண்டு வாரம் முன்பே முடித்து, 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இறுக்காமல் விட்ட நட்டும், ஒழுகும் கூலன்ட் குழாயும் ஊருக்குள்ளேயே தெரிந்துவிடும்.

கூரையில் கணக்கில்லாமல் ஏற்றுவது

கையேட்டில் 75 கிலோ என்றிருந்தால் கேரியரும் பெட்டியும் அந்த 75க்குள் அடக்கம். அவை 25 எடுத்தால், மிச்சம் 50தான். கனமானது டிக்கியில், பின்சீட்டை ஒட்டி, கூரையில் துணிமணி.

வெப்பமுள் ஏறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹீட்டர் எஞ்சின் சூட்டின் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. மூடிக்குள் இருப்பது அழுத்தத்தில் உள்ள திரவம், நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் முகத்தில் கொதித்துப் பீறிடும். அரை மணி நேரமாவது பொறுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பது

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள்.

ஸ்டெப்னி

சாமான் ஏற்றும் முன்பே பாருங்கள், ஏற்றிய பிறகு அது எல்லாவற்றுக்கும் அடியில். ஒல்லியான தற்காலிக வகைக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ, உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அதிலேயே ஊர் போய்ச் சேரப் பார்க்காமல் முதலில் பஞ்சர் ஒட்டுங்கள்.