கேபிளை நிறுத்துவதற்கு முன்: மேட்ச் பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

டெல்டாவில் ஐபிஎல் வருவது வயலில் வேலை குறைந்திருக்கிற நேரத்தில். சம்பா அறுத்து முடித்து, உளுந்தும் பயறும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் பங்குனி, சித்திரை. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்றால் அதற்கு இன்னும் நாள் இருக்கும். ராத்திரி ஏழரை மணிக்கு ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் வருஷா வருஷம் இந்தக் கேள்வி வரும்: "தம்பி, கேபிளை நிறுத்திட்டு நெட்டுலயே பாத்துக்கலாமா?"

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளுக்கு ரீசார்ஜ் போடுவது, டிவியில் ஆப் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் நான்தான். யார் வீட்டில் எங்கே பணம் வீணாகிறது என்று கிட்டத்தில் இருந்து பார்க்கிறேன். கேபிளா நெட்டா என்ற கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். நான் பார்க்கப்போகும் ஆட்டம் இப்போது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஐபிஎல்லையே எடுத்துக்கொள்வோம். 2018 முதல் 2022 வரை டிவி, இணையம் இரண்டும் ஸ்டார் நிறுவனத்திடம் இருந்தன. விலை 16,347.5 கோடி ரூபாய். அடுத்த ஐந்து வருஷத்துக்கான ஏலத்தில் டிவி உரிமை 23,575 கோடிக்கு ஸ்டாரிடம் நின்றது. இந்தியாவுக்கான இணைய உரிமை 20,500 கோடிக்கு, ஜியோசினிமா ஆப்பை நடத்திய வயாகாம்18-க்குப் போனது. மற்ற சின்ன உரிமைகளையும் சேர்த்து மொத்தம் 48,390 கோடி. போனில் பார்க்கும் உரிமைக்கு டிவி உரிமைக்குக் கிட்டத்தட்டச் சமமாக விலை வந்துவிட்டது என்றால், அந்தப் பணம் ஒருநாள் நம்மிடம்தான் வசூலாகும்.

ஆனால் அப்போது யாரும் அப்படி நினைக்கவில்லை. 2022 உலகக் கோப்பை கால்பந்தையும், 2023, 2024 ஐபிஎல்லையும் ஜியோசினிமா இலவசமாகவே காட்டியது. பதிலுக்கு ஸ்டாரின் ஆப்பான ஹாட்ஸ்டார் 2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டைப் போனில் இலவசமாகக் கொடுத்தது. அகமதாபாத் இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டதால் நமக்குக் கிடைத்த சலுகை அது. 2024 நவம்பரில் அந்த இரண்டும் ஒன்றாகின. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த வருஷ ஐபிஎல்லில் கொஞ்ச நேரம் ஓசியில் ஓடி, பிறகு சந்தா கேட்டது. இலவச நாட்களை நம்பிக் கேபிளை நிறுத்தி, செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு. அடுத்த பங்குனியில் அவர்கள் மறுபடி இணைப்பு கேட்டுப் போனார்கள்.

ஒரே சந்தாவில் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். 2025 ஜூனில் இந்தியா இங்கிலாந்துக்குப் போன டெஸ்ட் தொடர் டிவியில் சோனி சேனல்களிலும், இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்தது. மூன்று மாதம் கழித்து ஆசியக் கோப்பை. அது டிவியிலும் சோனி, இணையத்திலும் சோனிலிவ். ஜியோஹாட்ஸ்டாருக்கு ஒரு வருஷப் பணம் கட்டியவர் முன்னதைப் பார்த்தார், பின்னதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போனார். ஐபிஎல்லின் இப்போதைய ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. 2028-ல் யார் காட்டுவார்கள் என்பது அடுத்த ஏலத்தில்தான் தெரியும். அதனால் விளையாட்டுக்காக மட்டும் வருஷச் சந்தா கட்டாதீர்கள். ஐபிஎல் நடப்பது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். மூன்று மாதத் திட்டம் போதும்.

சந்தாவின் வகையைப் பார்க்காமல் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் நடப்பது இதுதான். தெருக்கோடி மாமா ஒருவர் போன வருஷம் பெரிய டிவி வாங்கினார், 43 அங்குலம். மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்தானே என்று போனில் கட்டிவிட்டு, டிவியில் ஏற்றித் தரச் சொன்னார். ஏறவில்லை. அது மொபைல் திட்டம். ஒரே ஒரு போனில் மட்டும்தான் ஓடும், டிவிக்கு வராது. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது டிவியில் பார்க்கிற திட்டம் மூன்று மாதத்துக்கு 299, நான்கு திரைகளில் பார்க்கிற பிரீமியம் 499. விலை மாறிக்கொண்டே இருக்கும், கட்டும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை திரை, அதில் டிவி சேருமா, இந்த இரண்டையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விளம்பரமே வராது என்று பிரீமியம் எடுப்பவர்களுக்கும் ஒன்று: நேரலை ஆட்டத்தில் அதிலும் விளம்பரம் வரும்.

அப்புறம் ஆட்டோபே. மூன்று மாதம் முடிந்ததும் கணக்கிலிருந்து தானாகப் பணம் போய்விடும். எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த மெசேஜை நம் வீட்டுப் பெரியவர்கள் யார் படிக்கிறார்கள்? கட்டிய அன்றைக்கே யுபிஐ ஆப்பைத் திறந்து, ஆட்டோபே பகுதியில் அதை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும் வரை ஆட்டம் ஓடும்.

கேபிளில் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. மேட்ச் வேண்டும் என்றதும் பெரிய பேக் போடச் சொல்கிறார்கள், அது வருஷம் பூராவும் ஓடுகிறது. 2019 முதல் எந்தச் சேனலையும் தனியாக எடுக்க நமக்கு உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி அது. பேக்குக்குள் வைக்கும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு இருக்கிறது. 19 ரூபாய்ச் சேனலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 22 ரூபாய் 42 காசு. மூன்று மாதத்துக்கு 67 ரூபாய் சொச்சம். கேபிள் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வது, போனுக்கு மட்டும் எடுக்கும் 149 ரூபாய்த் திட்டத்தைவிட மலிவு. அதுவும் வீட்டோடு உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்கலாம். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது அதில் கொடுத்த சேனல்களெல்லாம் ஒரே கட்டணத்தில் வந்தன. அந்தப் பழக்கத்தில் இன்னமும் சேனலைத் தனியாகக் கேட்கத் தயங்குகிறோம். கேளுங்கள்.

டேட்டா கணக்கைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்கிறேன். நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் 1.35 ஜிபி தின்னும். டி20 ஆட்டம் மூன்றரை மணி நேரம் என்றால் நாலே முக்கால் ஜிபிக்குப் பக்கம். ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் ஒரு இன்னிங்ஸ் முடியும் வரைகூட வராது. படத்தின் தரத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் வைஃபை உள்ள இடத்தில் பாருங்கள்.

நெட்டில் பார்த்தால் ஆட்டம் பிந்தித்தான் வரும். 2023 மே 29 ஐபிஎல் இறுதிப் போட்டி மழையால் நள்ளிரவு தாண்டிப் போனது நினைவிருக்கும். கடைசி இரண்டு பந்தில் சென்னைக்குப் பத்து ரன் வேண்டும். நாங்கள் நாலு பேர் திண்ணையில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஜடேஜா சிக்ஸ் அடித்துவிட்டார், எங்கள் திரையில் மோகித் சர்மா கடைசிப் பந்துக்கு இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை. எதிர்வீட்டுக் கேபிள் டிவியில் வெடித்த கூச்சல் தெருவையே எழுப்பிவிட்டது. பின்னாலேயே சரவெடி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த பவுண்டரியை அரை நிமிஷம் கழித்துத்தான் கண்ணால் பார்த்தோம். ஒரு வாழ்நாள் பந்து, முடிவு தெரிந்த பிறகு பார்த்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அது எந்த ஆப்பின் குற்றமும் இல்லை. இணையத்தில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். தடங்கல் வராமல் இருக்க, போன் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. டிவி சிக்னல் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரே டவருக்குக் கீழே ஊர்ப் பையன்கள் எல்லோரும் கடைசி ஓவரைத் திறந்தால் சுற்ற ஆரம்பித்துவிடும். 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய மைக் டைசன் குத்துச்சண்டையே அமெரிக்காவில் பலருக்குத் தடங்கித் தடங்கித்தான் ஓடியது. பெரிய ஆட்டத்துக்கு மொபைல் டேட்டாவை மட்டும் நம்பாதீர்கள். நெட்டில் பார்ப்பதாக இருந்தால் ஸ்கோர் ஆப்பின் நோட்டிபிகேஷனையும் அணைத்து வையுங்கள்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு நம் மண்ணுக்கே உரிய சிக்கல் உண்டு. உலகக் கோப்பை மாதிரிப் போட்டிகள் பல வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றன, அடைமழைக் காலத்தில். கனத்த மேகமும் மழையும் டிஷ் சிக்னலைத் தின்றுவிடும். அது போக, நம் ஊரில் டிஷ் நன்றாக நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். பொருத்திய அன்று தென்னை குட்டையாக இருந்திருக்கும், மூன்று வருஷத்தில் மட்டை குறுக்கே வந்துவிடும். சிக்னல் இல்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறி ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். புரட்டாசியிலேயே டிஷ்ஷின் போல்ட்டை முறுக்கி வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டில் டிவி எரிந்தாலும், தெருவில் கேபிளுக்கான ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் இல்லையென்றால் படம் வராது.

'தூர்தர்ஷனில் வந்துடும்' என்று ஸ்போர்ட்ஸ் சேனலை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. பாதி சரி. முக்கியமான ஆட்டங்களின் சிக்னலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007 சட்டம் சொல்கிறது. இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் வரும். ஆனால் அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் அதன் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான், கேபிளிலும் தனியார் டிஷ் இணைப்பான டிடிஎச்சிலும் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்துவிட்டு ஏன் வேறு எதுவோ ஓடுகிறது என்று குழம்புவது இதனால்தான். ஐபிஎல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ், இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு நல்ல வழி. தமிழ்ச் சேனல் நிறைய வேண்டும் என்றால் அது போதாது.

கபடியை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதும் நம் பக்கம் பெரிய தவறு. வடுவூர் மாதிரிக் கபடி ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. புரோ கபடி 2014-ல் தொடங்கியது, தமிழ் தலைவாஸ் 2017-ல் சேர்ந்தது. அந்தப் போட்டி ஒரு வருஷம் ஆடியில் தொடங்கும், இன்னொரு வருஷம் ஐப்பசியில். அட்டவணை வந்த பிறகு சேனலைப் போடச் சொன்னால் போதும்.

டெலிகிராம் லிங்க், 'ஃப்ரீ மேட்ச்' ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றும் ஆப்) பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அதை ஏற்றிய போனில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது. நெல் போட்ட பணம் வந்து கணக்கில் கிடக்கும் மாதம் வேறு. பணம் போனது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கட்டணத் தொலைக்காட்சி சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. 2020 கடைசியில் நாட்டில் சுமார் 7 கோடி டிடிஎச் இணைப்புகள் இருந்தன, 2025 மார்ச்சில் 5.7 கோடி. நம் தெருக் கேபிள்காரர்களில் விவரமானவர்கள் அதே கம்பத்தில் ஃபைபர் இழுத்து நெட்டும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களிடமே இரண்டையும் சேர்த்து எடுப்பது எனக்குப் பிடித்த வழி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து, லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தபோது, எந்த ஆப்பின் உதவி எண்ணும் எங்களுக்கு உதவவில்லை. கரண்ட் வந்ததும், தென்னை மரங்களுக்கு நடுவே அறுந்து கிடந்த வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தவர் எங்கள் கேபிள்கார அண்ணன்தான்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான். அம்மாவுக்கு சீரியல் வேண்டும், அதனால் கேபிள் நிற்காது. பங்குனியில் ஒரு தமிழ் ஸ்போர்ட்ஸ் சேனல் சேரும். வெளியூர்த் தொடர் நெட்டில் மட்டும் வந்தால், அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா. இறுதிப் போட்டி முடிந்த மறுநாள், குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்குகிற அன்று, அப்பாவே கேபிள்காரருக்குப் போன் போட்டுவிடுவார்: "தம்பி, மேட்ச் முடிஞ்சிடுச்சுப்பா, அந்த ஒரு சேனலை எடுத்துடு. கபடி தொடங்கும்போது சொல்றேன்."