குழந்தைகளோடு ரோட்டன்பர்க்: மதில் சூழ்ந்த பழைய ஊரைப் பார்க்க ஒரு செய்முறை

ஐரோப்பா என்றதும் பாரிஸ், ரோம், வெனிஸ் என்று பத்து நாளுக்குள் ஆறு ஊரை அடைத்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அதில் மிஞ்சுவது ரயிலும் வரிசையும்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மதில் சூழ்ந்த ஒரே ஒரு பழைய ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே இரண்டு இரவு தங்குங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் ரோட்டன்பர்க்.

1. விசாவும் பெட்டியும்

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். 6 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை. ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிலும் இறைச்சியிலும் செய்ததை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவை விட்டுவிட்டு முறுக்கும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ரயில்

நியூரம்பெர்க் அல்லது வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி, ஸ்டைனாக்கில் கடைசியாக மாற வேண்டும். அங்கிருந்து கால் மணி நேரம். ‘பயர்ன் டிக்கெட்’ என்ற ஒருநாள் டிக்கெட் வாங்குங்கள். அப்பா அம்மாவோடு வரும் 15 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைகளுக்கு அதில் தனிக் காசு இல்லை. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது.

3. தங்குமிடம்

மதிலுக்கு உள்ளேயே அறை எடுங்கள். பகலில் சுற்றுலாப் பேருந்துகளால் தெரு நிரம்பி வழியும். சாயங்காலம் அவை போன பிறகு பிள்ளைகளின் கையை விட்டு நடக்கவிடலாம். தெரு முழுக்கக் கல் பாவியது என்பதால் சின்னச் சக்கரத் தள்ளுவண்டி படாத பாடு படும். கைக்குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பைதான் நல்லது.

4. மதில் நடை

முதலில் தேவாலயத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போகாதீர்கள், மதில் மேல் ஏறுங்கள். கட்டணம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் வரும் ரோடர் வாசலிலேயே படிக்கட்டு இருக்கிறது. மேலே ஓட்டுக் கூரை போட்ட நடைபாதை. ஒரு பக்கம் கல் சுவரில் அம்பு எய்யும் குறுகிய துளைகள், மறுபக்கம் மரக் கைப்பிடி, அதற்குக் கீழே வீடுகளின் கொல்லைப்புறம். ஒவ்வொரு துளையிலும் கண் வைத்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் நகராது, அவசரப்படுத்த வேண்டாம்.

சுவரில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக வரும். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் கிழக்குப் பகுதி அழிந்தது. மதிலைத் திரும்பக் கட்ட உலகெங்கும் இருந்து பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஜப்பான்காரர் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் போர் என்றால் என்ன என்று அதுவாகவே கேட்கும். அந்தக் கேள்விக்காகவே இந்த ஊருக்குப் போகலாம். பாதை குறுகல், படிகள் செங்குத்து. சின்னவர்கள் உங்களுக்கு முன்னால் போகட்டும்.

5. கடிகாரம்

சந்தைச் சதுக்கத்தில் ஒவ்வொரு மணிக்கும் கடிகாரத்தின் இருபுறமும் ஜன்னல் திறந்து பொம்மைகள் வரும். கதையை முன்னாடியே சொல்லிவிடுங்கள். 1631இல் ஊரைப் பிடித்த தளபதி, மூன்றே கால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் யாராவது குடித்தால் ஊரை அழிக்காமல் விடுகிறேன் என்றாராம். பழைய மேயர் நூஷ் குடித்துக் காப்பாற்றினாராம். கதை தெரியாத பிள்ளைக்கு அந்தப் பொம்மை ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும்.

6. கோட்டைத் தோட்டம்

மதிய வெயிலுக்கு நிழலும், ஓடியாட இடமும் இங்கே உண்டு. நுழைவாயிலின் மேலே வாய் பிளந்த ஒரு கல் முகம் இருக்கும். முற்றுகையின்போது அந்த வாய் வழியாகத்தான் எதிரிகள் மேல் கொதிக்கும் தாரை ஊற்றுவார்களாம்.

7. இரவுக் காவலர்

கறுப்பு அங்கி, ஈட்டி, விளக்கோடு பழங்காலக் காவலர் வேடத்தில் வரும் வழிகாட்டி சந்தைச் சதுக்கத்திலிருந்து ஊரைச் சுற்றிக்காட்டுவார். ஆங்கிலத்தில் இரவு 8 மணிக்கு. குளிர்காலத்தில் சில மாதம் நடக்காது, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் 8 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், விளக்கின் அழகே போய்விடும். காலாண்டு விடுமுறையில் போனால் நன்றாக இருட்டியிருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு விடுங்கள். காசை முடிவில்தான் வாங்குகிறார்கள், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.