காரணி இணைகள்: எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பெருக்கினால் ஓர் எண்ணைத் தரும் இரண்டு முழு எண்களைத்தான் அந்த எண்ணின் காரணி இணை என்கிறோம். இதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் 1-இல் சரியாகத் தொடங்கிவிடுவார்கள். எதுவரை போவது என்பதில்தான் குழப்பம். சிலர் அந்த எண்ணில் பாதி வரை வகுத்துப் பார்த்துக் களைத்துப்போவார்கள். சிலர் மனப்பாடமான வாய்ப்பாடு தீர்ந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள்.

84-ஐ எடுத்துக்கொள்வோம். நோட்டில் இடப்பக்கம் 1, 2, 3 என்று வரிசையாக முயலுங்கள். மீதி வராவிட்டால், கிடைக்கும் ஈவை உடனே வலப்பக்கம் எழுதிவிடுங்கள். ‘அப்புறம் எழுதலாம்’ என்று விட்டால்தான் ஜோடி தவறிப்போகும்.

1 × 84
2 × 42
3 × 28
4 × 21
6 × 14
7 × 12

84 என்பது 0-இலோ 5-இலோ முடியவில்லை, அதனால் 5 இல்லை. 8-ஆல் வகுத்தால் மீதி 4. இலக்கங்களின் கூடுதல் 12, அது 9-ஆல் வகுபடாது, ஆகவே 9-உம் இல்லை. அடுத்தது 10. ஆனால் 10 × 10 = 100, இது 84-ஐத் தாண்டிவிட்டது. சரி, இங்கேயே நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்தலாம்? ஒரு ஜோடியின் இரண்டு எண்களும் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்கல் 100-க்குக் குறையாது. அப்படியென்றால் 84-இன் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றாவது 10-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். அவை எல்லாவற்றையும்தான் பார்த்துவிட்டோமே! 12, 14, 21 எல்லாம் ஏற்கெனவே வலப்பக்கம் வந்துவிட்டன. பிள்ளைகளுக்கு விதியை மட்டும் சொல்லாமல் இந்தக் காரணத்தையும் சொல்லிக்கொடுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

36 போன்ற வர்க்க எண்ணில் கடைசி ஜோடி 6 × 6. காரணிகளைப் பட்டியலிடும்போது 6-ஐ ஒருமுறை எழுதினால் போதும். அதனால்தான் வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்.

இனி கொஞ்சம் பெரிய எண். ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் கொண்டாடுகிறோம் அல்லவா, அதற்குக் காரணமான ஆண்டு 1639. 41 × 41 = 1681, ஆகவே 40 வரை பார்த்தால் போதும். நாற்பது வகுத்தலா என்று பயப்பட வேண்டாம். இது ஒற்றைப்படை எண், இரட்டை எண்கள் எல்லாம் போயின. இலக்கங்களின் கூடுதல் 19, எனவே 3 வகுக்காது. 3 வகுக்காவிட்டால் 9, 15, 21, 27 எதுவும் வகுக்காது. ஆக, பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 5 இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-க்கு ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுங்கள்: 1 + 3 = 4, 6 + 9 = 15. வித்தியாசம் 11, எனவே வகுபடும்: 11 × 149. 13 முதல் 37 வரையுள்ள பகா எண்கள் எல்லாமே மீதி தருகின்றன. 1 × 1639, 11 × 149 ஆகிய இரண்டே ஜோடிகள்தான்.

இவ்வளவு பெரிய எண்ணுக்கு நான்கே காரணிகள், சின்ன 60-க்கோ 12! தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த வரிசையில் 60-க்கு அடுத்து வருவது 120. அதை நீங்களே செய்துபாருங்கள். 11 × 11 = 121, ஆகவே 10-உடன் நிறுத்தலாம். எட்டு ஜோடிகள் வர வேண்டும்.